கோவையில் ஓடிய பேஸ் சென்னையில் எங்கே போச்சு? ஜனவரி ஹாஃபுக்கு ரூட், ஷூ, மழை பற்றிக் கேள்விகள்

கோவைக்காரி_வேளச்சேரி · ஆகஸ்ட் 17, காலை 8:12

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாறி ஜூனில் கோவையிலிருந்து வேளச்சேரிக்கு வந்தேன். வயது 36. அங்கே ரேஸ் கோர்ஸில் வாரம் நான்கு நாள் ஓடுவேன். இரண்டரை கி.மீ. சுற்று, நான்கு சுற்று போட்டால் பத்து. கி.மீ.க்கு ஆறரை நிமிடம், அதாவது 6:30 பேஸில் தோழியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே முடித்துவிடுவேன்.

இங்கே அதே 6:30-ல் ஐந்தாவது கி.மீ.யில் நின்றுவிட்டேன். வாட்சில் இதயத்துடிப்பு 178. மணி காலை ஆறரைதான், வெயில்கூட ஏறவில்லை. உட்கார்ந்து எழுந்தால் திண்ணையில் என் உருவம் ஈரமாகப் பதிந்திருக்கிறது. உடம்பில் ஏதும் கோளாறா, இல்லை ஊர்தான் இப்படியா?

ஜனவரியில் சென்னை மாரத்தானில் ஹாஃபுக்கு (அரை மாரத்தான், 21 கி.மீ.) பெயர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வேளச்சேரியிலிருந்து எங்கே ஓடுவது, என்ன வாங்குவது, என்ன வாங்கக்கூடாது என்று சொல்லுங்கள். தெரு நாய் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

நேப்பியர்_நாலரை · ஆகஸ்ட் 17, காலை 9:40

ஊர்தான். பதினோரு வருடமாக இங்கே ஓடுகிறேன், ஆகஸ்டில் எனக்கும் அப்படித்தான்.

கோவை 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வேறு வீசும். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், காய்வதால்தான் உடம்பு குளிரும். இங்கே விடியற்காலைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்து கிடக்கிறது. வியர்வை காயாது, சொட்டும். சொட்டுகிற வியர்வையால் ஒரு பயனும் இல்லை. உடம்பு இன்னும் இன்னும் ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளும், இதயம் அதற்காக ஓடும். உங்கள் 178 அதுதான்.

அதனால் வாட்சில் பேஸ் பக்கத்தை மறைத்து வையுங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, அது போதும். கி.மீ.க்கு முக்கால் நிமிடம் கூடினாலும் கவலை வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு ஓரளவு பழகும். முழுதாக ஒருபோதும் பழகாது, அது வேறு விஷயம். ஆனால் மெதுவாக ஓடியும் துடிப்பு இறங்கவில்லை, தலை சுற்றுகிறது, நெஞ்சில் ஏதாவது செய்கிறது என்றால் இங்கே கேட்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

ஒரு வேலை செய்து பாருங்கள். ஓடுவதற்கு முன் எடை பாருங்கள். வந்ததும் துணியைக் களைந்து, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்த தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

ஈசிஆர்_எருமை · ஆகஸ்ட் 17, மதியம் 1:05

ரூட் நான் சொல்கிறேன். வேளச்சேரி என்றதும் பலர் ஏரியைச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன், போய்ப் பார்த்தால் தெரியும்.

வார நாட்களுக்குத் தரமணி பக்கம் வாருங்கள். சி.எஸ்.ஐ.ஆர். சாலையில் விடியுமுன் வண்டி குறைவு. ஆறு, எட்டு கி.மீ.க்கு அது போதும்.

வார இறுதி லாங் ரன்னுக்கு உங்களுக்கு ஒரு யோகம் இருக்கிறது, உங்களுக்கே தெரியாது: பறக்கும் ரயில். வேளச்சேரியிலேயே அதற்கு நிலையம் இருக்கிறது. காலை ரயிலில் ஏறி சேப்பாக்கத்தில் இறங்குங்கள். நேப்பியர் பாலத்தைத் தொட்டுத் திரும்பி மெரினா நடைபாதையில் கலங்கரை விளக்கம் வரை மூன்று கி.மீ. அப்புறம் சாந்தோம், பட்டினப்பாக்கம், அடையாறு திரு.வி.க. பாலம், பெசன்ட் நகர் கடற்கரை, அங்கிருந்து திருவான்மியூர். மொத்தம் பன்னிரண்டு கி.மீ. வாக்கில் வரும். திருவான்மியூரில் ரயிலேறினால் மூன்றாவது நிறுத்தம் உங்கள் வீடு. முடியாமல் போனாலும் வழியில் மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை என்று ஏறிக்கொள்ள நிலையங்கள் இருக்கின்றன. போன இடத்துக்கே திரும்பி ஓடவேண்டியதில்லை என்பதே பெரிய சுகம்.

ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) தனியாக ஓடாதீர்கள். பெயரில் ஈ.சி.ஆர். வைத்திருக்கும் நானே சொல்கிறேன். சனிக்கிழமை இரவு இன்னும் முடியாதவர்கள் ஞாயிறு விடியற்காலை அந்தச் சாலையில்தான் வண்டி ஓட்டுவார்கள். கூட்டமாக, விளக்கோடு, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாகத்தான் ஓடவேண்டும். காதில் எதுவும் மாட்டக்கூடாது.

---

மயிலை_மாமி42 · ஆகஸ்ட் 17, மாலை 6:30

கோவைக்காரி, வாம்மா. பெயரில் இருக்கும் 42 என் வயதில்லை, ஓடிய முழு மாரத்தான் தூரம். வயது 57.

முதல் ஒரு மாதம் தனியாக இருட்டில் கிளம்பாதே. ஊர் மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. எந்தத் தெருவில் விளக்கு எரியாது, எந்தத் திருப்பத்தில் நாய்க்கூட்டம் படுத்திருக்கும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆகும். சென்னை ரன்னர்ஸ் என்ற ஓட்டக்காரர் அமைப்புக்குப் பகுதிவாரியாகக் குழுக்கள் இருக்கின்றன. உன் பக்கத்துக் குழுவில் போய் நில். பேஸ் என்ன என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஓடி முடித்ததும் எந்த ஹோட்டலில் பொங்கல் நன்றாக இருக்கும் என்றுதான் பேசுவார்கள்.

நாய் விஷயம். அது குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதே. ஓட வந்த இடத்தில் ஓடாதே என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். நின்றுவிடு. கையைக் கீழே தொங்கவிட்டு, அதன் கண்ணை முறைக்காமல், முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் மெல்ல நடந்து அதன் எல்லையைத் தாண்டு. நான் நடக்க ஆரம்பித்தால் பத்தில் ஒன்பது நாய் போய்ப் படுத்துக்கொள்ளும். பத்தாவது நாய் போன வருடம் என் கெண்டைக்காலைப் பதம் பார்த்தது. பல் லேசாகத்தான் பட்டது, ஒரு சொட்டு ரத்தம். பக்கத்துக் கடைக் குழாயில் சோப்பு வாங்கிப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவினேன். கடைக்காரர் "இதுக்குப் போய் இவ்வளவா" என்றார். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி. அட்டவணை கொடுத்தார்கள், ஒன்றுகூட விடாமல் போட்டுக்கொண்டேன். கீறல்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு உட்காரும் ஜாதி நான் இல்லை, நீயும் இருக்காதே.

---

ஆபீஸ்_முடிஞ்சு · ஆகஸ்ட் 18, இரவு 9:15

எல்லோரும் ஏன் விடியற்காலையையே பிடித்துத் தொங்குகிறீர்கள்? ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும் நேரமே அதுதான். மாலையில் வெப்பம் கூடுதலாக இருந்தாலும் காற்று அவ்வளவு கனமாக இருக்காது, கடல்காற்று வேறு. நான் மாலை ஆறரைக்கு பெசன்ட் நகரில் ஓடுகிறேன், காலையைவிட நன்றாகவே ஓடுகிறது.

நேப்பியர்_நாலரை · ஆகஸ்ட் 18, இரவு 9:50

கணக்கு சரிதான். ஆனால் மாலை பெசன்ட் நகரில் நீங்கள் ஓடுவது கடல்காற்றில் பாதி, பஜ்ஜிப் புகையில் பாதி. நடைபாதையில் பலூன், சைக்கிள், குழந்தை. அப்புறம், பந்தயம் நடப்பது விடியற்காலையில். மூன்று மணிக்கு எழுந்து, வயிறு காலியாகி, ஒரு வாழைப்பழம் இறங்கி ஓடுவதற்கும் பழக்கம் வேண்டும். வார நாளில் மாலை ஓடுங்கள், வார இறுதி லாங் ரன்னாவது காலையில் இருக்கட்டும்.

ஆபீஸ்_முடிஞ்சு · ஆகஸ்ட் 18, இரவு 9:58

பஜ்ஜியைக் குறை சொல்லாதீர்கள். அதற்காகத்தான் ஓடவே போகிறேன்.

---

கோவைக்காரி_வேளச்சேரி · ஆகஸ்ட் 24, காலை 9:02

எடை பார்த்தேன். போகும்போது 61.2, வந்தபின் 59.9. நடுவில் 300 மி.லி. குடித்திருந்தேன். அப்படியென்றால் 75 நிமிடத்தில் 1.6 லிட்டர்! பயந்துபோய் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தேன். மதியம் வரை வயிறு குலுங்கியது, தலையும் வலித்தது.

இன்னொரு சந்தேகம். நான் போடுவது திருப்பூர் பருத்தி டீசர்ட். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு, அதனால் ஒரு பாசம். ஓடி முடித்ததும் ஒரு கிலோ கனக்கிறது. அக்குளுக்குக் கீழே உரசி, குளிக்கும்போது உயிர் போகிறது.

---

மருந்துக்கடை_தம்பி · ஆகஸ்ட் 24, காலை 11:20

அக்கா, வெறும் தண்ணீரை இப்படிக் குடிக்காதீர்கள். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீராக ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். நீண்ட ஓட்டங்களில் தண்ணீர் குறைந்து விழுபவர்களைப் போலவே தண்ணீர் மிஞ்சி விழுபவர்களும் உண்டு, அது உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்பும் சேரட்டும். மிச்சத்தை அன்றைக்கு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்போ, மோரோ கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள்) என்று கேட்டு வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கும். பாக்கெட் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்கவேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டி "உப்பு கரிக்குது" என்று எங்கள் கடைக்கே திருப்பிக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

---

பழைய_ஷூ · ஆகஸ்ட் 24, பிற்பகல் 3:33

பருத்தி வீட்டுக்கு, பாலியெஸ்டர் ரோட்டுக்கு. பாசத்தை விடவேண்டாம், திருப்பூரிலேயே பாலியெஸ்டரும் தைக்கிறார்கள். வலைபோல மெல்லியதாக, வெளிர் நிறத்தில், கை இல்லாததாக வாங்குங்கள். உரசும் இடத்தில் ஓடுவதற்கு முன் வாஸ்லைன். தேங்காயெண்ணெயும் ஆகும், ஆனால் அரை மணியில் வியர்வையோடு போய்விடும். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: மார்க்காம்பில் மருந்துக்கடை டேப் ஒட்டுங்கள். என் முதல் ஹாஃப் புகைப்படத்தில் வெள்ளைச் சட்டையில் இரண்டு சிவப்புக் கோடு. அம்மா அதைப் பார்த்துவிட்டு "யாருடா குத்தினா" என்றார்.

ஷூ இரண்டு ஜோடி வேண்டும், மாற்றி மாற்றிப் போட. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ஜோடி ஒரே நாளில் காயாது. விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தர விலையில் இரண்டு நல்லது. கார்பன் தகடு வைத்த பந்தய ஷூவை முதல் ஹாஃபுக்கு வாங்காதீர்கள், அந்தக் காசில் மூன்று வருடம் பொங்கல்-வடை சாப்பிடலாம்.

வெறுங்காலில் மணலில் ஓடினால் கால் பலப்படும் என்று ஒருவர் கட்டாயம் வந்து சொல்வார். மெரினா மணல் கடலை நோக்கிச் சரிவு. ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். நான் சொல்வது கணுக்கால் சுளுக்கிய அனுபவத்தில்.

---

தெப்பக்குளம்_சுத்தி · செப்டம்பர் 2, காலை 7:45

மதுரையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். எங்களுக்கு வண்டியூர்த் தெப்பக்குளம்தான் ஸ்டேடியம். ஒரு சுற்று ஒரு கி.மீ.க்குச் சற்று மேல். பத்துச் சுற்று ஓடும்போது மைய மண்டபம் பத்துக் கோணத்தில் தெரியும். சென்னையில் மேடே இல்லையே, ஏற்றத்துக்கு எங்கே போகிறீர்கள்?

ஈசிஆர்_எருமை · செப்டம்பர் 2, காலை 8:30

எங்களுக்கு மேடு என்றால் பாலம்தான். திரு.வி.க. பாலத்தை ஆறு தடவை ஏறி இறங்குவோம். நிஜமான ஏற்றம் வேண்டுமென்றால் பரங்கிமலை. முந்நூறு அடிதான், ஆனால் படிக்கட்டு நூற்றுக்கு மேல். இல்லையென்றால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை, அங்கே கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு.

தெப்பக்குளம்_சுத்தி · செப்டம்பர் 2, காலை 8:41

முந்நூறு அடியா? சரி சரி, அழகர்மலைக்கு ஒருநாள் வாங்க.

---

கோவைக்காரி_வேளச்சேரி · அக்டோபர் 19, காலை 6:20

மழை ஆரம்பித்துவிட்டது. ரெயின் ஜாக்கெட் வாங்கலாமா? ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

சிங்கை_முருங்கை · அக்டோபர் 19, காலை 6:55

வேண்டாம். சிங்கப்பூரில் வருடம் முழுக்க இதே புழுக்கம், இதே மழை. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஜாக்கெட் போட்டு ஓடுபவர் புதிதாக வந்தவர் என்று அர்த்தம். ஜாக்கெட்டுக்குள் இட்லிபோல வெந்துவிடுவீர்கள். வெளியே மழை, உள்ளே அதைவிடப் பெரிய மழை. உங்களுக்கு வேண்டியது முன்விளிம்பு உள்ள தொப்பி, கண்ணில் தண்ணீர் விழாமல் இருக்க. போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. இடி கேட்டால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடியில் நிற்கவேண்டாம்.

பழைய_ஷூ · அக்டோபர் 19, காலை 7:30

வழிமொழிகிறேன். அந்த 1800-ல் ஒளி பிரதிபலிக்கும் பெல்ட்டும், பின்னால் மினுக்கும் சின்ன விளக்கும் வாங்குங்கள். மழையில் கண்ணாடி மங்கிய ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவேண்டும்.

நனைந்த ஷூவுக்கு: உள்அட்டையை உருவித் தனியாகக் காயவையுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி முனைவரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் சொதசொதவென்று ஆகிவிடும், எடுத்துவிட்டுப் புதிதாகத் திணியுங்கள். இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ஃபேன் அடியில் விடுங்கள். வெயிலில், அடுப்பு மேட்டில், ஹேர் டிரையரில் வேண்டாம், பசை விட்டுப்போகும். நான் ஃபிரிட்ஜ் பின்னால் வைத்துப் பார்த்தேன். காய்ந்தது, ஆனால் சமையலறையில் இருந்து என்னைத் துரத்திவிட்டார்கள்.

மயிலை_மாமி42 · அக்டோபர் 19, காலை 8:10

ஒன்று மட்டும் கேள். தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடாதே. கணுக்கால் தண்ணீர்தானே என்று தோன்றும். அடியில் மூடி போன சாக்கடை இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அறுந்த மின்கம்பியும் கிடக்கலாம். அன்றைக்கு ஓடவில்லை என்றால் ஒன்றும் குடி முழுகாது.

---

கோவைக்காரி_வேளச்சேரி · நவம்பர் 30, இரவு 8:44

புலம்ப வந்திருக்கிறேன். பந்தயம் ஜனவரியில் என்றால் நீளமான ஓட்டமெல்லாம் நவம்பர், டிசம்பரில் வருகிறது. மழையும் அப்போதுதான் கொட்டுகிறது. மூன்று வாரத்தில் இரண்டு லாங் ரன் போச்சு. இன்று எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் சுற்றினேன். ஒரு சுற்று 140 மீட்டர். தொண்ணூறு சுற்று. ஐம்பதுக்கு மேல் காவலாளி அண்ணன் எண்ண ஆரம்பித்துவிட்டார். எழுபத்திரண்டில் நான் குழம்பியபோது அவர்தான் திருத்தினார்.

நேப்பியர்_நாலரை · நவம்பர் 30, இரவு 9:30

இந்த ஊர் மாரத்தானின் வினை அதுதான். ஓடுவதற்கு நல்ல மாதத்தில் பந்தயம், பயிற்சிக்கு மோசமான மாதங்களில் பயிற்சி. 2016-ல் வர்தா புயல் டிசம்பர் 12-ல் வந்தது, 2023-ல் மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரத்தில். அதனால் நான் திட்டம் போடும்போதே இரண்டு வாரத்தை மழைக்கு எழுதிவைத்துவிடுவேன். தவறிப்போன ஓட்டத்தை அடுத்த வாரம் சேர்த்து ஓடிக் கடன் அடைக்காதீர்கள், முழங்கால் வட்டி கேட்கும். 16 கி.மீ. ஒருமுறை தாண்டிவிட்டீர்களா?

கோவைக்காரி_வேளச்சேரி · நவம்பர் 30, இரவு 9:34

17 ஒருமுறை. சேப்பாக்கத்தில் இறங்கி, வீடு வரைக்கும் ஓடியே வந்துவிட்டேன். ரயிலை ஏமாற்றிவிட்டேன்.

நேப்பியர்_நாலரை · நவம்பர் 30, இரவு 9:36

அப்புறம் என்ன. 21 வரும்.

---

புதுசு_2கிமீ · டிசம்பர் 9, காலை 10:10

நடுவில் நுழைகிறேன். ஜனவரிக்கு நான் தயாராக மாட்டேன். வேறு என்னென்ன ஓட்டம் இருக்கிறது?

பழைய_ஷூ · டிசம்பர் 9, மதியம் 12:40

ஆரோவில் மாரத்தான், பிப்ரவரியில். என் ஓட்டு அதற்குத்தான். செம்மண் பாதை, காடு, சாலை கிடையாது. நேரம் பதிவு செய்யமாட்டார்கள், பரிசும் இல்லை. "எவ்வளவு டைம்" என்று யாராவது கேட்டால் நிம்மதியாகத் தெரியாது என்று சொல்லலாம். வெள்ளை ஷூ மட்டும் வேண்டாம், ஆயுசுக்கும் சிவப்பாகிவிடும். மரவேரில் தடுக்கும், காலைத் தூக்கி ஓடவேண்டும்.

ஜூலையில் ட்ரீம் ரன்னர்ஸ் ஹாஃப், அதில் வரும் பணம் செயற்கைக் கால் பொருத்துவதற்குப் போகிறது. நோக்கம் தங்கம், புழுக்கம் நரகம். டிசம்பரில் கோவை மாரத்தான், புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது. சென்னைக்காரர்கள் நேரத்தைக் குறைக்க அங்கேதான் ரயிலேறுவார்கள். கோடையில் பெங்களூர் 10கே (பத்து கி.மீ.), அங்கே 900 மீட்டர் உயரம், காற்றும் உலர்ந்தது. நம் ஊர்க் கத்திரியில் வெந்தவனுக்கு அது ஏ.சி. அறை.

---

மயிலை_மாமி42 · டிசம்பர் 21, காலை 7:15

மார்கழி வந்தாச்சு. வருடத்தில் இந்த ஒரு மாதம்தான் வியர்வை சட்டைக்குள்ளேயே நிற்கும். இன்று ஐந்தரைக்கு மாடவீதி நான்கையும் சுற்றினேன். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசலெல்லாம் ஈரம், பாதிக்கோலம். கோலத்தை மிதிக்காமல் ஓடுவதற்கு ஒரு கால்வித்தை வேண்டும். நடுத்தெருவில் போனால் பால் வண்டி, ஓரமாகப் போனால் பூசணிப்பூ. ஒரு பாட்டி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து "பார்த்துடி" என்றாள். தாண்டிக் குதித்தேன். திரும்பி வரும்போது அந்தக் கோலம் தெருவின் பாதி வரை வளர்ந்திருந்தது.

---

கோவைக்காரி_வேளச்சேரி · ஜனவரி, ஓட்டத்துக்கு முந்தின நாள், மாலை 5:20

பிப் (ஓட்ட எண் அட்டை) வாங்கியாச்சு. சட்டையில் ஊக்கு குத்தியாச்சு, மூன்று தடவை கோணலாக. பழைய ஷூதான், புதிய சாக்ஸ் வேண்டாம் என்று முடிவு. இருட்டோடு நேப்பியர் பாலத்துக்கு எப்படிப் போவது? பறக்கும் ரயில் அந்த நேரத்துக்கு வராதே.

ஈசிஆர்_எருமை · ஜனவரி, மாலை 5:41

மெட்ரோ பாருங்கள். முந்தைய ஆண்டுகளில் ஓட்டத்தன்று அதிகாலை மூன்று மணிக்கே விட்டிருக்கிறார்கள். இந்த வருட அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். பெட்டி முழுக்க அரைக்கால் சட்டையும் வாழைப்பழமுமாக இருக்கும், வழி கேட்கவே வேண்டாம்.

நேப்பியர்_நாலரை · ஜனவரி, மாலை 6:02

முதல் மூன்று கி.மீ. எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், விடுங்கள். குளிராக இருக்கிறதே என்று வேகம் பிடித்துவிடாதீர்கள்.

மயிலை_மாமி42 · ஜனவரி, மாலை 6:10

சாந்தோம் தாண்டி இடது பக்கம் மஞ்சள் தொப்பியோடு நிற்பேன். கையில் கடலைமிட்டாய் இருக்கும். நிற்காமல் வாங்கிக்கொண்டு போ.

கோவைக்காரி_வேளச்சேரி · ஜனவரி, மாலை 6:13

ஹாஃப் அந்தப் பக்கம் வருமா மாமி? ரூட் படம் பார்த்தீர்களா?

மயிலை_மாமி42 · ஜனவரி, மாலை 6:31

இப்போதான் பார்க்கிறேன். இரு.